கல் தீர்ந்தது, ஆள் தீரவில்லை

"டீச்சர், கல்லு தீந்துபோச்சு. ஆளு தீரலை."

சொன்னது மிளகு. வயது நாலரை. முறையாக வைத்த பெயர் ஒன்று பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"மறுபடி சொல்லுடி," என்றாள் சின்ன டீச்சர். அவள் கையில் யாருடையதோ சேறு சொட்டும் காலுறை ஒன்று இருந்தது.

"வாளி காலி. ஆனா இன்னும் ஒரு ஆளு உள்ள வரணும்."

சின்ன டீச்சர் காலுறையைக் கீழே போட்டாள்.

அந்தப் பாலர் பள்ளியில் ஒரு வழக்கம். பின்கதவு வழியாக முற்றத்துக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் நிலைப்படி ஓரத்தில் இருக்கும் வாளியில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே வரும்போது ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். வாளி காலியானால் எல்லாரும் வந்தாயிற்று. ஒரு கல் மிஞ்சினால் யாரோ புதருக்குள் உட்கார்ந்து எறும்போடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆயாம்மா போய் அலாக்காகத் தூக்கிக்கொண்டு வருவாள். நான்கு மாதத்தில் கல் மிஞ்சியிருக்கிறது. ஆள் மிஞ்சியதே இல்லை. மிஞ்சினால் என்ன செய்வது என்று யாரும் யோசித்தும் வைக்கவில்லை.

அதுவும் இன்றைக்கா மிஞ்ச வேண்டும்?

"ஆயாம்மா, மணி என்ன?"

"பதினொண்ணாகப் பத்து நிமிஷம்." பிள்ளைகளைக் கழுவி, துடைத்து, காயவைக்கும் பொறுப்பு ஆயாம்மாவுடையது. "உங்க அத்தான் பதினொண்ணுக்குத்தானே வர்றார்?"

"ஒரு நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பார். அப்படிப்பட்ட மனுஷன்."

அத்தான் என்றால் சின்ன டீச்சரின் அக்கா வீட்டுக்காரர். மிளகின் அப்பா. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெற்றோர் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, உங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறீங்களா, நட்டு வைக்கிறீங்களா? நேத்து என் பொண்ணு காதுக்குள்ள ஒரு விதை இருந்துச்சு."

"அது விதைன்னு யாரு சொன்னது அத்தான்?"

"அவதான் சொன்னா. தண்ணி ஊத்தாதீங்க, முளைச்சிடும்னா."

"அப்ப படிச்சிருக்காள்ல?"

"விதைப் படிப்பு இருக்கட்டும். பத்துக்கு மேல எண்ணச் சொன்னா, 'என்னத்தை எண்ணணும்?'னு என்னையே திருப்பிக் கேக்கறா."

"நியாயமான கேள்விதானே?" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு. உன் தங்கச்சிக்கு நீ வக்காலத்து வாங்கினது போதும். இந்தா பாரும்மா, சொந்தம் வேற, பள்ளிக்கூடம் வேற. பெத்தவங்க கடிதத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, என்னோடது ஒண்ணுதான் பாக்கி. புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்து நேர்ல பார்த்துட்டுப் போடுவேன்."

அந்தக் கடிதத்தில் இருந்தது இரண்டே கோரிக்கை. ஒன்று, பின்கதவைப் பூட்ட வேண்டும். இரண்டு, பக்கத்து மனையில் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிப் பள்ளியில் உள்ளதுபோல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அடையாள அட்டை கொடுத்து, கணினித் திரை வைத்து, உள்ளேயே உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

பள்ளியை நடத்தும் பெரிய டீச்சரோ கையை விரித்துவிட்டாள். "அவர் கையெழுத்து விழுந்துச்சுன்னா நான் பூட்டு வாங்கிடுவேன். என் முட்டிவலியோட பெத்தவங்ககிட்ட மல்லுக்கட்ட முடியாதும்மா."

அந்தக் கதவு இரண்டு வருடம் அலமாரிக்குப் பின்னால் மூடிக் கிடந்தது. அலமாரியை நகர்த்தச் சொல்லி, துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, முற்றத்துக் கண்ணாடிச் சில்லையெல்லாம் முழங்காலில் உட்கார்ந்து பொறுக்கியவள் சின்ன டீச்சர். மூச்சுவிடாமல் அழுதுகொண்டிருந்த பிள்ளை இப்போது மண்வெட்டிக்குச் சண்டை போடுகிறது. படி இறங்க ஆள் கேட்ட பிள்ளை மேட்டிலிருந்து குதிக்கிறது. இந்தக் கதவு மறுபடி மூடினால் அவளால் அந்த அறைக்குள் நின்று பாடம் நடத்த முடியாது. அது அவளுக்கே தெரியும்.

"சரி, யாரோ ரெண்டு கல்லு எடுத்துட்டீங்க. அவ்வளவுதான் விஷயம். கையை நீட்டுங்க பார்ப்போம்!"

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இன்றைக்குப் பார்த்து முற்றத்து 'ஆறு' கரை உடைத்திருந்தது. ஒரு வாரமாக அவர்களே வெட்டிய வாய்க்கால். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி வேலியோரம் வரை போகும். கரை உடைந்ததில் போட்டிருந்த ஏப்ரனையும் தாண்டி எல்லாருக்கும் நெற்றி வரை சேறு. கண்கள் மட்டும் ஜோடி ஜோடியாக மினுக்கின. யார் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது.

சின்ன டீச்சர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனாள். கல். கல். கல். கல்லோடு ஒரு நத்தை ஓடு. கல்லோடு ஒரு மண்புழு.

"இது யாரு?"

"இது தூங்குது டீச்சர். மெதுவாப் பேசுங்க."

கடைசிக் கை வரை கல் இருந்தது. "பார்த்தியா மிளகு? எல்லார்கிட்டயும் ஒண்ணு ஒண்ணு இருக்கு. நீதான் தப்பா..."

"கல்லு நடக்குது டீச்சர்."

"என்னது?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கத்துக் கல்லு முதுகுக்குப் பின்னாடி நடந்து அந்தப் பக்கம் போயிடுது."

வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மேற்கூரையைப் பார்த்தது. கூரையில் ஒன்றுமில்லை.

"யாரு கல்லைக் கடத்தினது?"

ஒரே ஒரு சிரிப்பு மட்டும் மூக்கு வழியாக வெளியே வந்தது. எந்த மூக்கு என்று சொல்ல முடியவில்லை.

ஆயாம்மா சின்ன டீச்சரைக் கதவோரமாக இழுத்தாள். "டீச்சரம்மா, நான் எண்ணிட்டேன். பத்தொன்பது இருக்கு. நம்மது பதினெட்டு. ஒண்ணு எக்ஸ்ட்ரா."

"எக்ஸ்ட்ராவா? பிள்ளைங்க என்ன பிஸ்கட்டா, பாக்கெட்டுக்கு ஒண்ணு கூட வர?"

"வந்திருக்கே. எங்கேர்ந்தோ நுழைஞ்சிருக்கு. காணாமப் போகலையே, அதுவரைக்கும் சந்தோஷம்." ஆயாம்மா குனிந்து முற்றத்திலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, ஏப்ரனில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இதை வாளியில போட்டுடுங்க. கணக்கு சரியாப் போயிடும். உங்க அத்தான் வந்து, பார்த்து, கிளம்பட்டும். அப்புறம் நிதானமா யாரு பெத்த பிள்ளைன்னு தேடுவோம்."

"ஏமாத்தச் சொல்றீங்களா?"

"நான் கல்லைத்தான் கொடுத்தேன். போடச் சொல்லலையே."

போடத்தானே சொன்னீங்க என்று சின்ன டீச்சர் வாயைத் திறப்பதற்குள் முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய டீச்சர் நொண்டி நொண்டி வர, பின்னால் அத்தான். இஸ்திரி மடிப்பு கலையாத கால்சட்டை, கையில் கடிதம் வைத்த உறை.

"வணக்கம் டீச்சர்," என்றார், கொழுந்தியாளை ஜன்மத்தில் பார்த்தே அறியாதவர் போல. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். "கடவுளே. இதுல எது என்னோடது?"

"நான்தான்பா," என்றது ஒரு சேற்று உருண்டை.

"சரி. ரொம்ப சந்தோஷம். வருகை எவ்வளவு?"

"பதினெட்டுக்குப் பதினெட்டு," என்றாள் பெரிய டீச்சர் பதிவேட்டைப் பிரித்து. "இன்னைக்கு யாரும் லீவு இல்லை."

"இல்லை பெரிய டீச்சர், பத்தொன்பது," என்றாள் மிளகு.

"பார்த்தீங்களா?" அத்தானுக்கு முகம் மலர்ந்தே போயிற்று. "இதைத்தான் நான் சொன்னேன். நாலு மாசம் சேத்துல ஊறப்போட்டாச்சு. பதினெட்டை எண்ணத் தெரியலை. கண்ணு, பதினெட்டு. சொல்லு."

"பத்தொன்பதுப்பா."

"நான் எண்ணிக் காட்டறேன், பார்த்துக்கோ." விரலை நீட்டி எண்ணினார். பதினேழு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எண்ணினார். இருபது வந்தது. "ஏய், அசையாம நில்லுங்க!"

"நான் அசையலை அங்கிள். என் காலுதான் அசையுது."

"எனக்கு ஒண்ணுக்கு வருது அங்கிள், அதனாலதான் அசையுது."

"நில்லுப்பா, நான் செய்யறேன்," என்று மிளகு முன்னால் வந்தாள். "எல்லாரும் தண்ணி தூக்கற மாதிரி நில்லுங்க!"

வரிசை கலைந்தது. கைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. இரண்டு இரண்டு பேராக நின்றார்கள். மிளகு தன் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆத்துக்குத் தினமும் தண்ணி தூக்கணும். ஒரு வாளிக்கு ரெண்டு பேரு. ஒருத்தரு தூக்கினா கால்ல கொட்டிடும். ஒன்பது வாளி இருக்கு. தினமும் யாரும் தனியா நிக்க மாட்டாங்க. இன்னைக்கு ஒரு வாளியை மூணு பேரு தூக்கினாங்க. பாருங்க, அங்க."

எல்லாரும் பார்த்தார்கள். ஒன்பது ஜோடி. கடைசி ஜோடியின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சேற்று உருவம், ஜோடியின் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டு.

அத்தான் ஜோடிகளை மனத்துக்குள் இரண்டு முறை எண்ணியிருப்பார். பிறகு குரல் மாறியது.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. பதினெட்டா, பத்தொன்பதா?"

சின்ன டீச்சரின் மூடிய கைக்குள் கல் சுட்டது. பதினெட்டு என்று சொல்லலாம். குழந்தை ஏதோ விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது உருவத்தை ஆயாம்மாவின் பின்னால் தள்ளிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நாலு மாதத்தில் ஒன்றும் படிக்கவில்லை என்று ஆகிவிடும். பத்தொன்பது என்று சொன்னால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியாத பள்ளி என்று ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் பூட்டு. மிளகு அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் கூட இல்லை. சரியான விடையைச் சொல்லிவிட்டுச் 'சரி' என்ற வார்த்தைக்காகக் காத்திருக்கிற பிள்ளையின் பார்வை.

சின்ன டீச்சர் கல்லை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மிளகு சொன்னதுதான் சரி. பத்தொன்பது. கூட வந்தது யாருன்னு எனக்குத் தெரியலை. எப்படி வந்துச்சுன்னும் தெரியலை. தப்பு என்னோடது."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் மிளகு.

பெரிய டீச்சர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். ஆயாம்மா ஜன்னல் விளிம்பில் இருந்த கல்லைப் பார்த்து, "நல்லாப் பிழைச்சீங்க போங்க," என்று முணுமுணுத்துவிட்டு அந்த மூன்றாவது உருவத்திடம் போனாள்.

"உன் பேரு என்ன தங்கம்?"

அது ஏப்ரன் நுனியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பையனா, பொண்ணா?"

"சேறு," என்றது அது.

"நீங்க யாராவது சொல்லுங்கடா. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

இப்போது பதினெட்டு வாயும் ஒன்றாகத் திறந்தது. ஆற்றில் இலைக் கப்பல் விட்டார்களாம். கப்பல் வேலிக்கு அடியில் போய்விட்டதாம். கொஞ்ச நேரம் கழித்துக் கப்பல் திரும்பி வந்ததாம், அதன் பின்னாலேயே இந்த ஆளும் வந்ததாம்.

"வேலிக்கு அடியிலயா?" என்றார் அத்தான்.

"நாங்கதான் அங்க ஆழமா வெட்டினோம் அங்கிள். இல்லைன்னா தண்ணி திரும்பி வந்துடும்."

"நம்ம ஏப்ரன் இதுக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் சின்ன டீச்சர்.

"நான் கொடுத்தேன்," என்றான் பனியனோடு நின்ற ஒருவன். "சேறு படும்ல?"

"இத்தனையும் தெரிஞ்சும் ஏண்டா சொல்லலை?"

"நீங்க கல்லைத்தானே கேட்டீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது கண்ணாடிப் பள்ளி. ஆயாம்மா ஓடினாள். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து மேனேஜரம்மாவே வந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் உயரமான செருப்பு, கையில் போன்.

"உங்க ஆயா வந்து எங்க பிள்ளையைக் காணோம்னு சத்தம் போடறாங்க. பெத்தவங்க காதுல விழுந்தா என்ன ஆகும்? எங்க பிள்ளைங்க இருபத்திநாலு பேரும் உள்ள இருக்காங்க."

"எண்ணிப் பார்த்தீங்களா?" என்றாள் பெரிய டீச்சர்.

"எண்ணறதா? நாங்க எண்ண மாட்டோம். எங்ககிட்ட சிஸ்டம் இருக்கு." போனைத் திருப்பி அத்தானிடம் காட்டினாள். "பாருங்க சார். இருபத்திநாலு பச்சைப் புள்ளி. அட்டை உள்ள இருந்தா பச்சை. வெளியில போனா சிவப்பு, உடனே மணி அடிக்கும்."

"அட்டை எங்க இருக்கும்?" என்று கேட்டார் அத்தான். அவர் குரலில் ஓர் ஆர்வம் இருந்தது. அவர் கேட்டிருந்த அட்டையாயிற்றே.

"புத்தகப் பையில தைச்சிருக்கோம். தொலையவே தொலையாது."

"பை?"

"கொக்கியில தொங்கும்."

"பிள்ளை?"

மேனேஜரம்மா பதில் சொல்வதற்குள் ஆயாம்மா அந்தச் சேற்று உருவத்தைக் குழாயடியில் நிறுத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். முதலில் ஒரு காது வந்தது. பிறகு ரிப்பன் கட்டிய தலைமயிர். பிறகு, காதுவரை நீண்ட ஒரு சிரிப்போடு, ஒரு பெண் குழந்தையின் முகம்.

"ஐயோ!" என்றாள் மேனேஜரம்மா. அப்புறம் அவள் செய்ததைத்தான் ஆயாம்மா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குழந்தையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். "ஆனா பச்சையா இருக்கே?"

"பாசியா இருக்கும், நல்லாத் தேய்ச்சா போயிடும்," என்றாள் ஆயாம்மா.

குழந்தை போக மாட்டேன் என்றது. "எனக்கு வேலை இருக்கு," என்றது. என்ன வேலை என்றால், வாளியின் மூன்றாவது கைப்பிடி அதுதான். மூன்று கைப்பிடி உள்ள வாளி உலகத்திலேயே கிடையாது என்று மேனேஜரம்மா விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய செருப்பு ஒன்று ஆற்றங்கரையில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அதை இழுக்க நாலு பிள்ளைகள் ஓடினார்கள். ஒருவழியாகக் குழந்தையை இடுப்பிலும் செருப்பைக் கையிலுமாக அவள் கிளம்பியபோது, பதினெட்டுப் பேரும் அடிவயிற்றிலிருந்து "நாளைக்கு வா!" என்று கத்தினார்கள்.

அமைதியானதும் சின்ன டீச்சர் அத்தானிடம் போனாள். "வேலிக்கு அடியில ஓட்டை இருக்குன்னு நான் பார்த்திருக்கணும். அது வழியா உள்ள வந்த மாதிரி நம்ம பிள்ளை வெளியிலயும் போயிருக்கலாம். நீங்க கையெழுத்துப் போட்டா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வருத்தப்படுவே."

"வருத்தப்படுவேன். அழுவேன் கூட. ஆனா தப்பு சொல்ல மாட்டேன்."

அத்தான் உறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். முதல் கோரிக்கையைப் படித்தார். இரண்டாவது கோரிக்கையைப் படித்தார். அட்டை என்ற சொல்லின் மேல் விரல் நின்றது.

"கண்ணு," என்றார் மகளிடம். "இருபத்தஞ்சு பேரு வந்தா?"

"பன்னெண்டு வாளி வேணும். ஒருத்தரு பாக்கி. நம்மகிட்ட ஒன்பதுதான் இருக்கு. இன்னும் மூணு வாங்கணும்ப்பா." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறம் அந்த ஒருத்தருக்கு வேற வேலை கொடுக்கணும். பாவம்ல?"

அத்தான் கடிதத்தை உறைக்குள் போட்டார். உறையைப் பைக்குள் திணித்தார். "கதவு இருக்கட்டும். அந்த ஓட்டை எங்க இருக்கு? காட்டு."

"ஓட்டையை மூடக் கூடாது!" என்று ஆற்றுக்காரர்கள் எல்லாரும் குறுக்கே நின்றார்கள். "மூடினா தண்ணி எங்க போகும்?"

"தண்ணி போகும், ஆளு போகாது. அப்படி ஒண்ணு போட்டா?"

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். "இலை போகணும்," என்று ஒரு நிபந்தனை வந்தது.

"இலையும் போகும்."

"சின்ன இலையா, பெரிய இலையா?"

"அளந்து பார்த்தாத்தானே தெரியும்?" என்றார் அத்தான். வழியில் குறுக்கே கிடந்த மண்வெட்டியைத் தாண்டி, வேலியை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் சின்ன டீச்சருக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏண்டி, உங்க அத்தானை என்ன பண்ணி அனுப்பினே?"

"ஏன்க்கா?"

"வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கேன், உள்ள விடலை. இடுப்பு வரைக்கும் சேறு. மக கூடப் பரவாயில்லை, இவரைவிடச் சுத்தமா இருக்கா. என்ன ஆச்சுன்னு கேட்டா, 'கம்பிவலை ரெண்டடிக்கு மூணடி வேணும், கண்ணு பெருசா இருக்கணும்'ங்கறார். சாப்பிட வாங்கன்னா, 'கரையை இந்தப் பக்கம் உயர்த்தியிருக்கணும், சொன்னாக் கேக்கலை'ங்கறார். யாருகிட்ட சொன்னார், யாரு கேக்கலை?"

"பனியன் போட்டவனா இருக்கும்க்கா. அவன்தான் மேஸ்திரி."

"எனக்கு ஒண்ணும் புரியலை. இரு, இரு, ஏதோ கேக்கறார்... நாளைக்குக் கதவை எத்தனை மணிக்குத் திறப்பேன்னு கேக்கறார்டி."